மூன்று நாள் கறக்காத மடி

கொழும்பில் பதினோரு வருஷம் பாத்திரக் கடையில் நின்றவன் நான். புறக்கோட்டைச் சந்தடியில் சட்டியைத் தட்டிக் காட்டி, சிங்களத்திலேயே பேரம் பேசி, சிங்களத்திலேயே சண்டை பிடித்து, சிங்களத்திலேயே சமாதானமும் ஆனவன். அப்பா செத்த பிறகு கந்தப்பளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்கே திரும்பி வந்தேன். வரும்போது கொண்டுவந்த ஒரே சொத்து அந்தப் பாஷைதான். நாங்கள் இருக்கிற வரிசை வீடுகளான லயத்துக்குக் கிராம சேவகர் வந்தாலும், கரண்ட்காரர் வந்தாலும், பொலிஸ் வந்தாலும் “பொன்னையாவைக் கூப்பிடு” என்பார்கள். நானும் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு போய் நிற்பேன். பேசத்தான் தெரியும், ஒரு எழுத்து வாசிக்கத் தெரியாது. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். என் வாயால் நான் பிழைத்தேன். செவத்தி பிழைக்கவில்லை.

செவத்தி எங்கள் மாடு. சிவப்பும் வெள்ளையுமாகக் கலந்த நிறம், கொஞ்சம் திமிர். என் பெண்டாட்டி நாகலெட்சுமி கன்றாக வாங்கி, தண்ணீர் ஓடும் கான் ஓரத்துப் புல்லை அறுத்துப் போட்டே வளர்த்தது. இரண்டாவது ஈற்றில் காலையும் மாலையுமாகப் பன்னிரண்டு லீட்டர் கொடுத்தது. அந்தப் பாலை நம்பித்தான் லெட்சுமி மலைக்குப் போவதை நிறுத்தினாள். இருபத்தாறு வருஷம் கொழுந்து பறித்தவள். விடிந்ததும் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் கங்காணி பேர் கூப்பிடுகிற சத்தம் எங்கள் மாட்டுப் பட்டி வரைக்கும் கேட்கும். அதைக் கேட்டுக்கொண்டே கறப்பாள். “கூப்பிடட்டும், கூப்பிடட்டும். என் பேரு இப்ப அதுல இல்ல” என்று செவத்தியிடம் சொல்லிச் சிரிப்பாள்.

அவளுடைய கைக்கு லயத்தில் ஒரு பேர் இருந்தது. தலைச்சன் ஈன்ற கிடாரி உதைத்தால், எவள் கறந்தும் பால் இறங்காவிட்டால், லெட்சுமியைத்தான் கூப்பிடுவார்கள். இவள் போய் மடியில் கையை வைத்துச் சும்மா நிற்பாள். ஒரு நிமிஷத்தில் மாடு அசைபோட ஆரம்பித்துவிடும். பக்கத்து வீட்டு ராக்காயி அக்கா, “லெட்சுமி கைய பார்த்தா வத்துன மாடும் சொரக்கும்” என்பாள். லெட்சுமிக்கு அதில் உள்ளூரப் பெருமை. தேயிலைக் கறை ஏறி வெடித்த விரல்கள்தான், ஆனால் அவளிடம் இருந்த ஒரே நகை அதுதான் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

போன ஐப்பசியில் விடாத மழை. ஒரு நாள் காலை, பால் சேர்க்கிற இடத்தில் இருக்கும் கஜேந்திரன் எங்கள் கேனைத் திருப்பி அனுப்பிவிட்டான். “அக்கா, மருந்து ஊத்திப் பார்த்தேன், பால் திரியுது. மடிய பாருங்க” என்றானாம். லெட்சுமி ஓடி வந்து கறந்து பார்த்தாள். இடது பின்காம்பில் பாலோடு தயிர்த் துண்டு மாதிரி கட்டி கட்டியாக விழுந்தது. தொட்டால் சூடு. செவத்தி காலைத் தூக்கியது, ஆனால் உதைக்கவில்லை. ராக்காயி அக்கா கண்ணேறு என்று சொல்லி மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டாள். லெட்சுமி அதற்கும் தலையாட்டிவிட்டு, என்னிடம், “நீங்க மாட்டு டாக்டருக்குப் போன் பண்ணுங்க” என்றாள்.

அன்று மத்தியானமே டாக்டர் வந்தார். சின்ன வயசு சிங்களப் பெண். முழங்கால் வரை பூட்ஸ், தலைக்கு மழைத் தொப்பி. எல்லோரும் மிஸ் என்போம். அவருக்குத் தமிழ் வராது, லெட்சுமிக்குச் சிங்களம் வராது. நடுவில் நான். பட்டியின் வாசலில் பத்துப் பேர் குடை பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள், அதில் பாதிப் பேர் மாட்டைப் பார்க்க வரவில்லை, நான் பேசுவதைக் கேட்க வந்தவர்கள் என்று எனக்கு ஒரு நினைப்பு.

டாக்டர் மடியை அமுக்கிப் பார்த்தார், அந்தக் காம்பில் இருந்ததை ஒட்டக் கறந்து கொட்டினார், காம்புத் துளை வழியாக ஒரு குழாய் மருந்தை ஏற்றினார், கழுத்தில் ஊசி போட்டார். போட்டுக்கொண்டே பேசினார். அந்த நேரம் பார்த்து மழை வலுத்தது. தகரத்தில் மழை விழுந்தால் பக்கத்தில் நின்று கத்தினாலும் காதில் ஏறாது. “கிரி” என்று கேட்டது. கிரி என்றால் பால். “எப்பா” என்று கேட்டது. எப்பா என்றால் வேண்டாம். “தவஸ் துனக்” என்று கேட்டது. மூன்று நாள். “தொவன்ன” என்றும் கேட்டது, அது கறக்கிறது. நான் ஒவ்வொன்றுக்கும் “ஹரி மிஸ், ஹரி ஹரி” என்று தலையாட்டினேன். ஒரு தாளில் சிங்களத்தில் எழுதிக் கொடுத்தார். அதையும் வாசித்தவன் மாதிரி மேலும் கீழும் பார்த்து, மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

அவர் ஜீப் ஏறியதும் லெட்சுமி கேட்டாள். “என்ன சொன்னாங்க?”

“மூணு நாளைக்குக் கறக்கக் கூடாதாம்.”

அவர் சொன்னது “கிரி தென்ன எப்பா.” பாலைக் கொடுக்க வேண்டாம், அதாவது மருந்து கலந்த பாலை மூன்று நாளைக்கு யாருக்கும் கொடுக்க வேண்டாம். ஆனால் அடிக்கடி கறந்து கீழே கொட்ட வேண்டும். தென்ன எப்பா என்பதும் தொவன்ன என்பதும் மழைக்குள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, என் காதில் “தொவன்ன எப்பா” ஆகிவிட்டன. கறக்க வேண்டாம். இது காதுக் குற்றம் என்றால் மன்னித்துவிடலாம். சந்தேகம் எனக்கே இருந்தது. இருந்தும் அந்தப் பத்துப் பேருக்கு முன்னால் இன்னொரு தடவை கேட்க என் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

லெட்சுமி உடனே நம்பவில்லை. “ஏங்க, பால் கட்டுன மடிய அப்படியே விடுறதா? சுலக்ஷனா பொறந்தப்ப எனக்கு நெஞ்சுல பால் கட்டிக் காய்ச்சல் வந்துச்சுல்ல? அம்மா பிழிஞ்சு பிழிஞ்சுதானே விட்டாங்க. நல்லா கேட்டீங்களா?”

“டாக்டருக்குப் படிச்சது அந்தப் புள்ளையா, நீயா? மருந்து உள்ள ஊறணும். கறந்தா மருந்தும் சேர்ந்து வெளிய வந்துரும்.”

ஊறுகிற கதையை டாக்டர் சொல்லவேயில்லை. அது என் சொந்தச் சரக்கு. கடையில் சட்டி விற்றவனுக்கு வாயில் எதற்கும் ஒரு காரணம் தயாராக இருக்கும்.

அவள் கறக்கவில்லை. இரண்டாம் நாள் செவத்தி புல்லைத் தொடவில்லை, காது சில்லிட்டுக் கிடந்தது. மடி அம்மிக்கல்லாக இறுகிவிட்டது. பின்காலை அகட்டி அகட்டி வைத்தது. கறக்கிற நேரம் வந்ததும் லெட்சுமி பக்கம் தலையைத் திருப்பி ஒரு சத்தம் போட்டது, கத்தலும் இல்லை, முனகலும் இல்லை. லெட்சுமி வாளியை எடுத்துக்கொண்டு போவாள், என்னைப் பார்ப்பாள், வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு வருவாள். மூன்றாம் நாள், “ஒரு காம்ப மட்டும் லேசா இழுத்து விடட்டுமா? பாவங்க, நோகுது அதுக்கு” என்றாள். நான் கத்தினேன். “முடியப் போற நேரத்துல கெடுத்துத் தொலைக்காத!” அன்று மாலை இடது பின்காம்பு நீலம் பாய்ந்து, தொட்டால் ஐஸ் மாதிரி இருந்தது.

நாலாம் நாள் நான் போன் பண்ண, டாக்டர் ஓடி வந்தார். மடியைத் தொட்டதும் முகம் மாறிவிட்டது. காம்பை இழுத்தார். பால் வரவில்லை, நாற்றத்தோடு சிவந்த தண்ணீர் வந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்து, இரண்டு கையாலும் கறப்பது போலக் காட்டி, ஒரு நாளைக்கு எத்தனை தடவை கறந்து கொட்டினீர்கள் என்று கேட்டார்.

அன்று மழை இல்லை. ஒவ்வொரு சொல்லும் காதில் தெளிவாக விழுந்தது. அந்தக் கையசைவைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். லெட்சுமி பக்கத்தில் நிற்கிறாள், ராக்காயி அக்கா நிற்கிறாள், நான் இஸ்திரிச் சட்டையோடு நிற்கிறேன்.

“அஞ்சு தடவை மிஸ்” என்றேன் சிங்களத்தில்.

டாக்டர் யோசித்தார். அவ்வளவு கறந்தும் இப்படி ஆகியிருந்தால், வெளியிலிருந்து கிருமி திரும்பத் திரும்ப ஏறுகிறது, யார் கறக்கிறது என்று கேட்டார். லெட்சுமியைக் காட்டினேன். அவள் கையை வாங்கி வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தார். வெடிப்புக்குள் அழுக்குத் தங்கும், கறக்கும் முன்னும் பின்னும் சவுக்காரம் போட்டுக் கழுவ வேண்டும், மடியையும் கழுவித் துடைக்க வேண்டும் என்றார். பொதுவாக எல்லோருக்கும் சொல்கிற புத்திதான், மரியாதையாகத்தான் சொன்னார். அதை மட்டும் நான் தயங்காமல் மொழிபெயர்த்தேன். “உன் கை வெடிப்புல இருக்குற அழுக்காலதான் வருதாம்.” நடுவில் ஒரு ‘தான்’ சேர்த்தேன். அந்தத் ‘தான்’ டாக்டருடையது இல்லை.

லெட்சுமி தன் கைகளைப் பார்த்தாள். பிறகு அவற்றைச் சேலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

லயத்தில் சேதி பரவ ரேடியோ வேண்டாம். அன்று பொழுது சாய்வதற்குள் லெட்சுமி கையால் வந்த வியாதி என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. செவத்தியின் பின்காம்பு கறுத்துச் செத்தது. முன்காம்பு ஒன்று வற்றியது. மீதி இரண்டில் பன்னிரண்டு லீட்டர் மூன்றாகி, மூன்று ஒன்றாகி, கன்றுக்கே போதவில்லை. தை மாதம் மாடு வாங்குகிறவன் வந்தான். அவன் வளர்க்க வாங்குகிறவன் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும், அதனால் யாரும் எங்கே கொண்டுபோகிறாய் என்று கேட்கவில்லை. லொறியில் ஏற்றும்போது செவத்தி பலகையில் கால் வைக்க மறுத்தது. லெட்சுமி வந்து மடியில் கை வைத்தால் ஏறியிருக்கும். அவள் வரவில்லை. அடுப்படியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த திங்கட்கிழமை கங்காணி அவள் பேரைக் கூப்பிட்டான். நாற்பத்தெட்டு வயசில், வீங்கின முழங்காலோடு, மறுபடியும் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போனாள்.

மாடு போனதுகூடப் பெரிதில்லை. அவள் கையைக் கழுவிக் கழுவித் தேய்த்தாள். தேங்காய்த் தும்பால் தேய்த்து, வெடிப்பில் இரத்தம் வந்தாலும் விடவில்லை. யாராவது கறக்கக் கூப்பிட்டால், “என் கை ஆகாது, வேற யாரையாச்சும் கூப்பிடுங்க” என்பாள். கொஞ்ச நாளில் யாரும் கூப்பிடவில்லை. எங்கள் மகள் சுலக்ஷனா நானுஓயாவிலிருந்து கைக்குழந்தையோடு வந்தாள். அந்தப் பிஞ்சைத் தூக்கக்கூட இவள் தயங்கினாள். “நீயே வச்சிரும்மா. என் கையில என்ன இருக்கோ.” நான் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். அப்படியே நின்றுவிட்டேன்.

சொல்ல எத்தனையோ தடவை வாயெடுத்தேன். சோறு போடும்போது ஆரம்பிப்பேன், “லெட்சுமி, அன்னிக்கு டாக்டர்…” என்று. அவள் உடனே, “விடுங்க. நான் செஞ்ச பாவம்” என்பாள். அதோடு என் வாய் மூடிக்கொள்ளும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனுக்கு அந்தச் சோறு எப்படி இறங்கும் என்று கேட்காதீர்கள். இறங்கியது. அதுதான் வெட்கம்.

சித்திரை கழிந்து ஒரு நாள், ராக்காயி அக்கா மூச்சிரைக்க வந்தாள். “தம்பி, கொஞ்சம் வாங்க. நம்ம மாட்டுக்கும் அதே மாதிரி கட்டி கட்டியா வருது. டாக்டர் மிஸ் வந்திருக்காங்க. நீங்க இல்லாம யாரு பேசுறது?” போனேன். அதே டாக்டர், அதே பூட்ஸ். குழாய் மருந்து ஏற்றினார், ஊசி போட்டார். வெயில் சுள்ளென்று அடித்தது. கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பெண்கள் நாலைந்து பேர் அங்கேயே நின்றார்கள். லெட்சுமியும் வந்தாள். கூடையை இறக்காமல், கொஞ்சம் தள்ளி, மாட்டைத் தொட்டுவிடுவோமோ என்று பயந்தவள் மாதிரி நின்றாள்.

டாக்டர் சொல்லி முடித்தார். ராக்காயி அக்கா என் வாயைப் பார்த்தாள். “என்ன சொல்றாங்க தம்பி?”

சரியாகச் சொன்னால் லெட்சுமிக்குத் தெரிந்துவிடும். பிசகிச் சொன்னால் இந்த மாடும் லொறி ஏறும். ராக்காயி அக்காவை வீட்டுக்குள் கூப்பிட்டுத் தனியாகச் சொல்லலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். எவ்வளவு கேவலமான நினைப்பு. ஆனால் மாடு காலை அகட்டி வைத்துக்கொண்டு நின்றது. அதைப் பார்த்த பிறகு என்னால் முடியவில்லை.

“மூணு மணித்தியாலத்துக்கு ஒருக்கா கறக்கணுமாம் அக்கா. ஒட்டக் கறந்து, தூரமா கொட்டணும். கறக்காம விட்டா காம்பு செத்துரும். மூணு நாளைக்குப் பால யாருக்கும் குடுக்க மட்டும் கூடாதாம்.”

கூடை தரையில் விழுகிற சத்தம் கேட்டது. நான் திரும்பவில்லை. லெட்சுமி எனக்கு முன்னால் வந்து நின்றாள்.

“அன்னிக்கும் இதத்தான் சொன்னாங்களா?”

“லெட்சுமி, வீட்டுக்குப் போய்…”

“இங்கயே சொல்லுங்க. அக்கா முன்னாலதானே என் கையச் சொன்னீங்க.”

“ஆமா” என்றேன். “இதத்தான் சொன்னாங்க. எனக்கு மழையில சரியா கேக்கல.”

“அப்புறம் வந்தப்ப கறந்தீங்களான்னு கேட்டிருப்பாங்களே?”

“கேட்டாங்க. அஞ்சு தடவைன்னு பொய் சொல்லிட்டேன்.”

லெட்சுமி அழுவாள் என்று நினைத்தேன், அடிப்பாள் என்றும் நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் டாக்டர் பக்கம் விரலைக் காட்டினாள். “மிஸ்கிட்டக் கேளுங்க. என் கையால வந்துச்சா, கறக்காம விட்டதால மடி செத்துச்சான்னு கேளுங்க. கூட்டாம கொறைக்காம கேளுங்க.”

கேட்டேன். அதைக் கேட்க, மூன்று நாள் கறக்காமல் விட்டதையும், அவரிடம் பொய் சொன்னதையும் சிங்களத்தில் முதலில் சொல்ல வேண்டியிருந்தது. டாக்டரின் முகம் சிவந்தது. என்னை வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னை விட்டுவிட்டு, லெட்சுமியைப் பார்த்தே பதில் சொன்னார்.

நான் மொழிபெயர்த்தேன். “கிருமி எங்கேருந்தும் வருமாம். மழைக்காலத்துல சேத்துலேருந்தும் வரும், கன்னு வாயிலேருந்தும் வரும். உன் கையாலதான்னு யாராலயும் சொல்ல முடியாதாம். ஆனா அன்னிக்கே கறந்து விட்டிருந்தா, செவத்திய அநேகமா காப்பாத்தியிருக்கலாமாம்.”

“ராக்காயி அக்காவுக்குக் கேக்கல. சத்தமா சொல்லுங்க.”

ராக்காயி அக்கா என் தோளுக்குப் பக்கத்தில்தான் நின்றாள். இருந்தும் நான் சத்தமாகச் சொன்னேன். லயத்து வாசல்களில் ஆட்கள் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சொன்னேன்.

லெட்சுமி தண்ணீர் விழுகிற பீலியடிக்குப் போய்க் கையைக் கழுவினாள். ஒரு தடவைதான் கழுவினாள். வந்து ராக்காயி அக்காவின் மாட்டுக்குப் பக்கத்தில் குந்தி, மடியில் கையை வைத்துக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். மாடு காலைச் சேர்த்து வைத்தது. அவள் கறந்தாள். கட்டி கட்டியாக வந்தது, அப்புறம் தண்ணீராக வந்தது, அப்புறம் கொஞ்சம் பாலாக வந்தது. எல்லாவற்றையும் தூரக் கொண்டுபோய்க் கொட்டினாள். மூன்று மணித்தியாலம் கழித்து வருகிறேன் என்று ராக்காயி அக்காவிடம் சொல்லிவிட்டு, கூடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். நான் பின்னாலேயே போனேன்.

கதவைத் திறந்தவள், உள்ளே போகாமல் திரும்பினாள். குரலில் கோபமில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்கிறவள் மாதிரிக் கேட்டாள்.

“ஏங்க, எனக்கு வெளங்கலன்னு சொல்றதுக்குச் சிங்களத்துல வார்த்தையே இல்லையா?”

இருக்கிறது. தேருனே நே. அவ்வளவுதான், இரண்டே சொல். கொழும்பில் இறங்கிய முதல் நாளே கற்றுக்கொண்டது.